சேர்வராயன் மலையில் நடந்தபோது யார் எதைப் பார்த்தீர்கள்?

கோரிமேட்டுக்காரர்:

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டியில் எத்தனையோ தடவை ஏறி இறங்கியிருக்கிறேன். நடந்து ஏறியது ஒரே தடவைதான், போன ஆகஸ்டில். காப்புக்காடு என்பதால் முன்கூட்டியே வனத்துறையில் அனுமதி வாங்கிக்கொண்டேன். துணைக்கு மலைக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் வந்தார். மலையாளி. கேரளத்துக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், சேர்வராயன் மலையின் பழங்குடி. 'எங்க முன்னோருங்க காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்க' என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார்.

சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1500. இந்த வித்தியாசம் காரில் போனால் காது அடைப்பதோடு முடிந்துவிடும். நடந்தால் மரம் சொல்லும். அடிவாரத்தில் உசிலையும் வெள்வேலும், சட்டையைப் பிடித்து இழுக்கிற முள்ளும்தான். ஒன்றரை மணி நேரம் ஏறியதும் முள் குறைந்து மூங்கில் வந்தது. மூங்கிலுக்கு நடுவே ஒரு மெலிந்த மரத்தைக் காட்டி 'சந்தனம்' என்றார். முகர்ந்து பார்த்தேன், வாசமே இல்லை. 'வாசம் உள்ளே, நடுக்கட்டையில், வைரத்தில்தான் தம்பி' என்று சிரித்தார். அதற்கும் மேலே ஓர் ஓடை மடிப்பில் நுழைந்தோம். வெளிச்சமே மாறிவிட்டது. பாறையெல்லாம் பாசி, கால் வைத்தால் மெத்தை மாதிரி சருகு, தலைக்கு மேல் நாவலும் அத்தியும். சோலைக்காடு என்று படித்ததுதான், உள்ளே நின்றது அன்றைக்குத்தான்.

அங்கேதான் யாரோ விசில் அடித்தார்கள். பாட்டை ஆரம்பிப்பதும், மறந்துபோய் நிறுத்துவதும், வேறு ராகத்தில் தொடங்குவதுமாக. இங்கேயும் வந்துவிட்டார்களா என்று எரிச்சலில், 'யாருப்பா அது, கொஞ்சம் சும்மா இரு!' என்று கத்திவிட்டேன். பெரியவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். ஓடைக் கல்லில் ஒரு கருநீலப் பறவை. தோளில் மட்டும் பளிச்சென்று நீலம். சீகாரப் பூங்குருவி என்று வீட்டுக்கு வந்து புத்தகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மழைக்காலம்தான் அது பாடும் காலமாம். என் கத்தலுக்குப் பயந்து பறந்து போனது. அப்புறம் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தும் திரும்ப வரவில்லை.

அதன்பின் ஓர் இடத்தில் பெரியவர் சாணியைக் குச்சியால் கிளறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் வேறு தடத்தில் சுற்றிக் கூட்டிக்கொண்டு போனார். அரை மணி நேரம் கூடுதல் நடை. எனக்கோ பசி, ஏன் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

காபித்தோட்டத்து மருமகள்:

அண்ணா, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது. எங்கள் வீட்டுப் பின்னால் ஓடைப் பக்கம் அந்தக் குருவி ஆடி மாதம் விடிய நாலரைக்கே தொடங்கிவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் ஏதோ பையன்தான் என்று நினைத்தேன்.

தோட்டமும் ஒருவிதக் காடுதான் என்பேன். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காபியைக் கொண்டுவந்தார் என்பார்கள். காபிக்கு நிழல் வேண்டும். அதனால் பலா, சில்வர் ஓக், அதில் ஏறுகிற மிளகுக்கொடி என்று அடுக்கடுக்காக இருக்கும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் சரியாக ஒரு வாரம், பத்து நாளில் மலையே வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை மாதிரி வாசம். இரண்டு மூன்று நாள்தான், அப்புறம் உதிர்ந்துவிடும்.

அந்தப் பூவைப் பார்க்கத்தான் போன வருடம் காலையில் தனியாக இறங்கினேன். திருப்பத்தில் கரிய பாறை ஒன்று. நேற்று இங்கே பாறை இல்லையே என்று யோசிக்கும்போதே அது மூச்சு விட்டது. காட்டுமாடு. ஒற்றைக் கடா. நாலு காலிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை. ஆயிரம் கிலோ வரைக்கும் இருக்குமாம், நமக்கு எங்கே எடை போட நேரம்! ஓடாதே, கத்தாதே, அது போக வழி விட்டு மரத்துக்குப் பின்னால் நில் என்று மாமனார் பலமுறை சொல்லியிருந்தார். நின்றேன். அது என்னையே பார்த்தது. பிறகு 'புஸ்' என்று ஒரு மூச்சு, காபிச் செடிகளை ஒடித்துக்கொண்டு கீழே இறங்கிப் போனது. வீட்டுக்கு வந்து பார்த்தால் கை நிறைய மிளகு இலை. எப்போது பறித்தேன் என்றே தெரியவில்லை.

கூட்டமாக இருந்தால் அவ்வளவு பயமில்லைங்க. ஒற்றைக் கடாதான் மோசம். பெரியவர் சுற்றிப் போனது அதற்காகத்தான் இருக்கும்.

அம்மாப்பேட்டைத் தறிக்காரர்:

முட்டி வலிக்காரர்களுக்கு மலையெல்லாம் ஆகாதுங்க. நான் சேலத்து மூக்கனேரிக் கரையோடு சரி. 2010இல் சேலம் மக்கள் குழு தூர் வாரியபோது, எடுத்த மண்ணை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். இன்றைக்கு அந்தத் திட்டெல்லாம் பறவைகளின் குடியிருப்பு. இருட்டுகிற நேரம் போனால், நாமெல்லாம் வீட்டுக்குத் திரும்பும்போது வக்கா, அதாவது இராக்கொக்கு, வேலைக்குக் கிளம்பும். 'வக்... வக்' என்று ஒவ்வொன்றாகத் தலைக்கு மேல் போகும். ராத்திரி ஷிப்ட்டுக்குப் போன என் காலம் ஞாபகம் வரும்.

கோரிமேட்டுக்காரர்:

தங்கச்சி, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு நேற்று பெரியவருக்குப் போன் போட்டேன். 'அன்னைக்கு அந்தச் சாணி எப்போ போட்டதுங்க?' என்றேன்.

'சூடு ஆறலை தம்பி' என்றார்.