பெத்லகேம் வரிசையும் கையில் ஒரு கிளிக்கரும்

2013-இல் மூன்று மாதம் பெத்லகேமில் இருந்தேன். உலகத் திருச்சபைகள் மன்றம் 2002 முதல் பல நாட்டுத் தன்னார்வலர்களை, இஸ்ரேல் ராணுவம் பிடித்து வைத்திருக்கும் பாலஸ்தீனப் பகுதியான மேற்குக் கரைக்கு அனுப்பிவருகிறது. அந்தத் திட்டத்தில்தான் போனேன். ஊரில் எல்லோரும் ஏதோ பெரிய வேலை என்று நினைத்தார்கள். எனக்குக் கொடுத்தது ஒரு காக்கி மேல்சட்டையும் ஒரு கிளிக்கரும். ஆள் ஒருவர் கடந்தால் ஒரு தட்டு. அரை மணிக்கு ஒருமுறை எண்ணிக்கையை நோட்டில் எழுத வேண்டும். அது கடைசியில் ஐ.நா. அலுவலகத்துக்குப் போகும்.

இடம், ஜெருசலேம் போகும் வழியில் உள்ள 300-ஆம் எண் சோதனைச் சாவடி. சாவடிக்கு அரபியில் ஹாஜிஸ், எபிரேயத்தில் மக்சோம். காலை நான்கு மணிக்கு நாங்கள் போய்ச் சேரும்போதே சுவரை ஒட்டிய கம்பிக் கூண்டுப் பாதை நிரம்பியிருக்கும். எல்லாம் இஸ்ரேலுக்குக் கட்டட வேலைக்குப் போகும் பாலஸ்தீனர்கள். இஸ்ரேலில் வாரம் ஞாயிறன்று தொடங்குவதால் அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். பொறுக்க முடியாமல் சிலர் கம்பியில் ஏறி மற்றவர்கள் தலைக்கு மேலே தவழ்ந்து முன்னால் போவார்கள். கீழே நிற்பவர்கள் திட்டுவார்கள். வாசலில் எள் ரொட்டி விற்பவரும், ஏலக்காய் மணக்கும் காபி விற்பவரும். அந்த மணம் இல்லாவிட்டால் நான் பாதி நாள் அங்கே நின்றிருக்க மாட்டேன்.

உள்ளே ஒரு சுழல் கதவு, பை போடும் எக்ஸ்ரே, அப்புறம் கண்ணாடிக் கூண்டு. அதற்குள் இருப்பவருக்கு அடையாள அட்டையையும் அனுமதிச் சீட்டையும் காட்ட வேண்டும், உள்ளங்கையைக் கருவியில் வைக்க வேண்டும். சுழல் கதவுக்கான பொத்தான் உள்ளே இருப்பவர் கையில். அவர் அமுக்காவிட்டால் வரிசை நின்றுவிடும். ஏன் நின்றது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெண்கள், முதியவர்கள், நோயாளிகளுக்கு என்று பக்கத்தில் தனிக் கதவு உண்டு, ஆனால் அது திறந்தால்தான் உண்டு. காய்ச்சல் குழந்தையோடு ஒரு அம்மா ஒருநாள் அங்கே நாற்பது நிமிடம் நின்றார். ராணுவத்தின் உதவி எண்ணுக்கு மூன்று முறை போன் போட்டேன். "பார்க்கிறோம்" என்றார்கள். கடைசியில் பத்தொன்பது வயசு மதிக்கத்தக்க ஒரு பையன் வந்து பூட்டைத் திறந்தான். என் போனால் திறந்தானா, தேநீர் குடித்து முடித்ததால் திறந்தானா, இன்றுவரை தெரியாது.

மறக்க முடியாதது ஒரு கொத்தனார். ஐம்பது தாண்டியவர். சிமெண்டில் தேய்ந்துபோன கை, கருவி படிக்கவில்லை. கையைக் கால்சட்டையில் துடைத்து மறுபடி வைத்தார். மூன்றாவது முறையும் சிவப்பு விளக்கு. திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தவர் என் நோட்டைப் பார்த்து, "எழுதிக்கொண்டாயா?" என்றார். எழுதினேன் என்றேன். "பத்து வருஷமாக எழுதுகிறீர்கள்" என்று சொல்லிவிட்டுக் காபி வாங்கப் போனார்.

*

அக்கா, நான் 2018-இல் அதே மேற்குக் கரையில் ஹெப்ரான் ஊரில் இருந்தேன். 1997 ஒப்பந்தப்படி ஊரின் ஐந்தில் ஒரு பங்கு இஸ்ரேலிய ராணுவத்தின் கையில். என் வேலை காலையில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை எண்ணுவது, யார் பையைச் சோதித்தார்கள் என்று குறிப்பது. இரு தரப்பும் ஒப்புக்கொண்ட வெளிநாட்டுப் பார்வையாளர் குழு ஒன்றும் அப்போது தெருவில் நடந்துகொண்டிருந்தது. 2019 ஜனவரியில் இஸ்ரேல் அதைப் புதுப்பிக்க மறுத்ததால் அவர்கள் கிளம்பிவிட்டார்கள்.

ஒருநாள் எட்டு வயசுப் பையன் ஒருவனுடைய ஜியாமெட்ரி பாக்ஸுக்குக் கருவி கத்தியது. சிப்பாய் கவராயத்தை எடுத்து வைத்துக்கொண்டான். நான் பக்கத்தில் போய் நின்றேன், பேசவில்லை. "எந்த நாடு?" என்றான். இந்தியா என்றதும் முகமே மாறிவிட்டது. ராணுவம் முடிந்ததும் கோவா போகிறானாம், அங்கே வாடகை பைக் என்ன விலை என்று கேட்டான். எனக்கு எப்படித் தெரியும், நான் திண்டுக்கல்காரன். வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்குள் பையன் மேசையிலிருந்து கவராயத்தை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். அன்றைய அறிக்கையில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை.

*

நான் தன்னார்வலர் இல்லை. 2006-இல் இஸ்ரேலில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது சாவடிகளைக் கண்காணிக்கும் மக்சோம் வாட்ச் பெண்களோடு ஒருநாள், மேற்குக் கரையில் நாப்லஸ் நகருக்குத் தெற்கே உள்ள ஹுவாரா சாவடிக்குப் போனேன். 2001-இல் மூன்று பெண்கள் தொடங்கிய அமைப்பு, இஸ்ரேலியப் பெண்கள் மட்டும்தான். ஆண்கள் வந்தால் சிப்பாய்களோடு மல்லுக்கட்டுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. பெரும்பாலும் அம்மா, பாட்டி வயசு.

என்னை அழைத்துப்போனவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. போனதும் ஒரு சிப்பாய் தரையில் கோட்டைக் காட்டி, இதற்கு அந்தப் பக்கம் நில் என்றான். நின்றார். அவன் திரும்பியதும் ஒரு அடி முன்னால் வந்தார். அவன் பார்த்தால் பின்னால். மத்தியானம் முழுக்க இந்த விளையாட்டு. அங்கே அவர் நின்றதால்தான் தடுத்து வைத்திருந்த ஒரு கல்லூரி மாணவனுக்காகப் போன் போட முடிந்தது. ஒன்றரை மணி நேரத்தில் விட்டார்கள்.

திரும்பும்போது காரில் ஒரே சண்டை. நாம் நிற்பதால் இந்தச் சாவடிக்கே ஒரு மரியாதை வந்துவிடுகிறது என்றார் ஓட்டிக்கொண்டிருந்தவர். 2004-இல் பெய்த் இபா சாவடியில் ஒரு பாலஸ்தீனர் சிப்பாய்கள் முன் வயலின் வாசித்ததை நம் ஆள் படம் எடுக்காமல் இருந்தால் நாட்டுக்கே தெரிந்திருக்குமா என்றார் ஆசிரியை. ஆமாம், வயலினுக்காக ஊரே கொதித்தது, தினம் வரிசையில் நிற்பவர்களுக்காகக் கொதித்ததா என்றார் ஓட்டியவர். எனக்கு அவர் பக்கம்தான் சரி என்று பட்டது, ஆனால் மறுவாரமும் அவரே காரை எடுத்துக்கொண்டு போனார்.

சரி, முதலில் எழுதிய அக்காவுக்கு ஒரு கேள்வி. அந்தக் கொத்தனார் என்ன ஆனார்?

*

நான்காம் நாள் வந்தார். மூன்று இரவும் கையில் ஆலிவ் எண்ணெய் தேய்த்து, துணி சுற்றிக்கொண்டு தூங்கினாராம். முதல் தடவையே பச்சை விளக்கு. மூன்று நாள் கூலி போனது போனதுதான்.

2019-இல் அங்கே கருவிகளை மாற்றி வரிசையை வேகமாக்கினார்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு வேலை அனுமதியே நிறுத்தப்பட்டுவிட்டது. அவர் இப்போது என்ன செய்கிறார் என்று தெரியாது. அன்றைக்குச் சுழல் கதவைத் தாண்டியதும் துணியைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதால், திரும்பிப் பார்க்காமல் ஓடினார். நான் கிளிக்கரைத் தட்ட மறந்துவிட்டேன்.