உள் கண்ணாடிக்குப் பின்னால் டேஷ் கேம்: கரண்ட் எங்கிருந்து எடுப்பது?

தண்டையார்பேட்டை வேகன்ஆர்:

வண்டி 2016 மாடல். வீடு தண்டையார்பேட்டை, வேலை மணலியில். போன மாதம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஹார்பருக்கு வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். வரிசையில் நின்ற ஒன்று சிக்னல் போடாமல் வலப்பக்கம் ஒடித்து, என் இடது சைடு மிரரைப் பெயர்த்துவிட்டது. இறங்கிக் கேட்டால், "நீதான்யா உள்ள பூந்த" என்கிறார் டிரைவர். டீக்கடையில் நின்ற பத்துப் பேரும் கிளாஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் கடுப்பில் ஒரு டேஷ் கேம் (ஓட்டும்போது முன்னால் ரோட்டைப் பதிவு செய்யும் கேமரா) வாங்கிவிட்டேன். கூடவே வந்தது சக்‌ஷன் கப். இரண்டாம் நாளே, கம்பெனி வாசலில் வெயிலில் நிறுத்திய வண்டிக்குத் திரும்பி வந்தால் கேமரா டேஷ்போர்டில் குப்புறப் படுத்திருக்கிறது. லைட்டர் சாக்கெட்டிலிருந்து வரும் வயர் கியர் மேல் தொங்குகிறது, மாமியார் ஏறும்போது கைப்பையில் மாட்டி இழுத்தது வேறு கதை.

உள் கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டலாம் என்றால் அங்கே ஏற்கெனவே ஃபாஸ்டேக் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பிரித்து இடம் மாற்றலாமா? ஆக்சசரீஸ் கடைக்காரர், "கேபின் லைட் வயரில் கொக்கி போட்டுடலாம், ரெண்டு நிமிஷ வேலை" என்கிறார். செய்யலாமா? ராத்திரி தெருவில்தான் நிறுத்துகிறேன், அப்போதும் ரெக்கார்டு ஆனால் நல்லது.

ராயபுரம் கால்டாக்சி:

ஃபாஸ்டேக்கைத் தொடாதீர்கள். பிரித்தால் உள்ளே கிழிந்துவிடும், அப்புறம் சூரப்பட்டு டோலில் ஹாரன் அடி வாங்குவீர்கள். மிரருக்கு இடது பக்கமாக, டேக்கை விட்டு நான்கு விரல் தள்ளி ஒட்டுங்கள். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் மிரரே கேமராவை மறைக்கும். வைப்பர் துடைக்கும் இடத்துக்குள் லென்ஸ் இருக்கட்டும். என் முதல் கேமராவை ஓரத்தில் ஒட்டி, ஒரு மழைக்காலம் முழுக்கத் தண்ணீர்த் துளியைத்தான் படம் பிடித்தேன்.

கொருக்குப்பேட்டை வயர்மேன்:

தம்பி, அந்தக் கடைக்குத் திரும்பப் போகாதீங்க.

உங்கள் மாதிரி வண்டியில் கேபின் லைட்டுக்கு பிளஸ் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். கதவு சுவிட்ச் எர்த்து பக்கத்தை மட்டும்தான் துண்டிக்கும். கொக்கி போட்டால் சாவியை எடுத்த பிறகும் கேமரா ஓடும். அதோடு அது 12 வோல்ட், கேமரா கேட்பது 5 வோல்ட். நடுவில் கன்வர்ட்டர் இல்லாமல் கொடுத்தால் புகைதான்.

ஹார்டுவயர் கிட் என்று கேட்டு வாங்குங்கள். தீப்பெட்டி சைஸில் ஒரு டப்பா, மூன்று வயர். பெரும்பாலும் மஞ்சள் நேரடி பேட்டரி, சிவப்பு சாவி போட்டால் மட்டும் வரும் லைன், கறுப்பு எர்த்து. கிட்டின் சீட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வயரை வெட்ட வேண்டாம், ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செருகித் தனி லைன் எடுக்கும் கிளிப்) போதும். சிவப்புக்கு லைட்டர் சாக்கெட் ஃபியூஸ், மஞ்சளுக்கு கேபின் லைட் ஃபியூஸ். ஏர்பேக், ஏபிஎஸ் (பிரேக்), ஈசிஎம் (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஃபியூஸ் பக்கம் கையே போகக்கூடாது. ஃபியூஸைக் கழற்றிவிட்டு டெஸ்ட் லாம்பால் எந்தக் காலில் கரண்ட் வருகிறது என்று பார்த்து, அதற்கேற்ற பக்கமாக டேப்பைச் செருகுங்கள். கேமராவுக்கு 2 அல்லது 3 ஆம்ப் ஃபியூஸ் தாராளம்.

இப்போது எர்த்து. நம்ம ஏரியாவில் பாதித் தகராறு இதில்தான். திருவொற்றியூர் குப்பத்திலிருந்து ஒருத்தர் வந்தார், கேமரா குழியில் இறங்கினால் அணைந்து அணைந்து எரிகிறதாம். இரண்டு கேமரா மாற்றிவிட்டார். நான் டேஷ்போர்டுக்குக் கீழே போல்ட்டைக் கழற்றினேன். ரிங் டெர்மினலில் பச்சைப் பூ பூத்திருக்கிறது, உப்புக்காற்று வேலை. போதாததற்கு அது பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தது. உப்புத்தாள் போட்டு இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். பழைய கேமராவே ஓடியது. இரண்டு கேமராவுக்கு அழுத காசை நினைத்து அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

வயர் போகும் வழி: ரூஃப் லைனிங் விளிம்புக்குள் விரலால் திணித்து, வலது தூணில் கதவு பீடிங்குக்கு உள்ளே இறக்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே ஃபியூஸ் பாக்ஸுக்கு. உங்கள் வண்டியில் தூணுக்குள் ஏர்பேக் கிடையாது. ஆறு ஏர்பேக் வண்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களே தூணைப் பிரிக்காதீர்கள். பையின் முன்னால் வயர் போனால் விரியும்போது அதுவே எதிரி.

சக்‌ஷன் கப்பைத் தூக்கிப் போடுங்கள். 3எம் விஹெச்பி என்ற இருபக்க ஒட்டு டேப் வாங்குங்கள். கண்ணாடியை மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்ததும் முப்பது எண்ணும்வரை அழுத்துங்கள். மேலே கறுப்புப் புள்ளி இருக்கிறதே, அதன்மேல் ஒட்டினால் பிடிக்காது. கேமராவை மறுநாள் மாட்டுங்கள்.

தண்டையார்பேட்டை வேகன்ஆர்:

அண்ணே, ராத்திரி ரெக்கார்டிங்? பேட்டரி தாங்குமா?

கொருக்குப்பேட்டை வயர்மேன்:

கணக்கு போடுங்க. சின்ன கேமரா 4 வாட் என்று வைத்தால் மூன்றில் ஒரு ஆம்ப். பன்னிரண்டு மணி நேரத்துக்கு 4 ஏஎச் (ஆம்ப்-மணி). உங்கள் பேட்டரி 35 ஏஎச் அளவுதான் இருக்கும். தினம் ஓடும் வண்டிக்கு ஒரு ராத்திரி பரவாயில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போய் நான்கு நாள் நிறுத்தினால் தள்ளு வண்டிதான். பேட்டரி இறங்கினால் கேமராவை அணைக்கும் கட்-ஆஃப் கிட்டில் இருக்கும், 12.2 வோல்ட்டில் வையுங்கள். பேட்டரிக்கு மூன்று வயசு தாண்டியிருந்தால் மஞ்சளை நேரடி பேட்டரி லைனில் மாட்டாதீங்க, சிவப்போடு சேர்த்துச் சாவி லைனிலேயே கொடுத்துடுங்க. வெயிலில் நிற்கும் வண்டிக்கு லித்தியம் பேட்டரி உள்ள கேமரா வேறு உப்பும். அடுத்த முறை கெப்பாசிட்டர் மாடல் பாருங்கள்.

பெரம்பூர் வக்கீல் குமாஸ்தா:

ஒன்று சேர்க்கிறேன். இடித்த உடனே கார்டைக் கழற்றி வையுங்கள், இல்லையென்றால் லூப் ரெக்கார்டிங் அதன்மேலேயே எழுதிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய துண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். கோர்ட்டுக்கு நகல் கொடுப்பதென்றால் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியம் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், முன்பு பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்பார்கள். தேதி நேரம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கேஸில் இடித்தது சித்திரையில், வீடியோவில் ஜனவரி 1.

தண்டையார்பேட்டை வேகன்ஆர்:

ஞாயிறு உட்கார்ந்து முடித்தேன். பேட்டரி நான்கு வயசு, அதனால் மஞ்சளும் சிவப்பும் சாவி லைனிலேயே. எர்த்து போல்ட்டைத் தேய்க்க முக்கால் மணி நேரம். தேதி நேரம் பார்த்தேன், எனக்கும் ஜனவரி 1தான் காட்டியது, மாற்றிவிட்டேன். எஃப்எம்மில் மட்டும் லேசாக இரைச்சல் வருகிறது அண்ணே, அது டப்பாவிலிருந்தா?

கொருக்குப்பேட்டை வயர்மேன்:

ஆமாம். டப்பாவை ரேடியோ பின்னாலிருந்தும் ஏரியல் வயரிலிருந்தும் தள்ளி வையுங்க. போகலைன்னா வயரில் இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையம் ஒன்று மாட்டலாம், ரிட்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும்.