கணிதத்தில் வரும் ஸ்மூத் நம்பருக்கு (smooth number) தமிழில் 'பொடிபடு எண்' சரியாக இருக்குமா?

> 'வழவழப்பு எண்' என்றே வைத்துக்கொள்ளலாமே.

ஐயா, வணக்கம். இரண்டு நாளாக இதை மனதில் போட்டுப் பார்த்தேன். எனக்கு ஒப்பவில்லை. பகு எண், பகா எண் என்று சொன்னவுடன் அந்த எண் பிரியுமா பிரியாதா என்பது தெரிந்துவிடுகிறது. 'வழவழப்பு' என்றால் பிள்ளைகள் எதைத் தடவிப் பார்ப்பார்கள்?

பொருளை முதலில் பார்ப்போம். ஓர் எண்ணின் பகாக் காரணிகள் எல்லாம் ஒரு வரம்புக்குள் அடங்கினால் அது ஸ்மூத். 2இன் 67ஆம் அடுக்கில் 1 குறைத்தால் வரும் 147573952589676412927ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இது பகா எண் என்று 1644இல் கணித அறிஞர் மெர்சென் எழுதினார். அல்ல என்று 1876இல் லூக்கா நிறுவினார், ஆனால் காரணிகள் கிடைக்கவில்லை. 1903இல்தான் கோல் 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டினார்.

அந்த முதல் காரணியில் 1 குறைத்துப் பாருங்கள்: 193707720 = 8 × 27 × 5 × 67 × 2677. ஒன்பது இலக்க எண், ஆனாலும் 2677ஐத் தாண்டிய பகாக் காரணி ஒன்றுகூட இல்லை! பெரிய எண்களைப் பிரிக்கக் கணித அறிஞர் போலார்டு 1974இல் சொன்ன வழி இந்த மாதிரிக் காரணிகளைப் பிடிப்பதற்குத்தான். சிறிய எண்களைப் பெருக்கிக்கொண்டே போனால், காரணியைவிட ஒன்று குறைந்த அந்த எண், பெருக்கி வந்த எண்ணை மீதியில்லாமல் வகுத்துவிடும். அப்புறம் ஃபெர்மாவின் சிறு தேற்றமும் மீப்பெரு பொதுக்காரணியும் மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், தமிழ்வழியில் கணக்கு நடத்துகிறேன். பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் இங்கே கரிசல் உண்டு. உழுதால் கட்டி கட்டியாகப் பெயரும். சில கட்டி கையால் அழுத்தினாலே பொடிந்துவிடும். சிலதை மண்வெட்டியால் தட்டினாலும் நடுவே பெரிய துண்டு அப்படியே நிற்கும். ஸ்மூத் எண் முதல் வகைக் கட்டி. அதனால் 'பொடிபடு எண்' என்கிறேன். பகு எண் போலவே இதுவும் வினைத்தொகை. 193707720, '2677க்குள் பொடிபடு எண்'. வரம்பைச் சொல்லவும் வாகாக இருக்கிறது.

வெறும் 'பொடி எண்' என்று சுருக்கினால் சிறிய எண் என்று தப்பாகப் படும், பொடிப்பையன் என்கிறோமே அப்படி. 'படு' அவசியம் வேண்டும். பகா எண்ணை 'அபாஜ்ய சங்க்ய' என்று படித்த மலையாள ஆசிரியர் ஒருவரிடம் சொன்னேன். பொடி அவர்களுக்கும் பொடிதான், விளக்கமே கேட்கவில்லை. எல்லையில் இருப்பவனுக்கு அது பெரிய சந்தோஷம்.

ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. ஸ்மூத்துக்கு எதிர்ப்பக்கமான ரஃப் (rough) எண்ணைப் 'பொடிபடா எண்' என்று சொல்லிவிட முடியாது. ரஃப் என்றால் பகாக் காரணிகள் எல்லாமே வரம்புக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 2 × 193707721 என்ற எண்ணில் 2677ஐ வரம்பாக வைத்தால், அது பொடிபடாது, ரஃப்பும் இல்லை. 'கட்டி எண்' என்று தோன்றுகிறது, ஆனால் அதில் எனக்கு முழு நிறைவு இல்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள், ஐயா?