மறுமொழி: ‘ஆன்டிசக்கேட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். ஒரு கண் அசைவுச் சோதனையில் வரும் ‘ஆன்டிசக்கேட்’ என்ற சொல்லுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இழைக்கு என் மறுமொழி இது.

> சக்கேட் = விழித்தாவல் என்று போன வாரமே முடிவாகிவிட்டது. ஆன்டி என்றால் எதிர். ‘எதிர்த்தாவல்’ என்று வைத்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே?

போகலாம் ஐயா, ஆனால் அந்த ‘எதிர்’ காலை வாரிவிடும்.

விழித்தாவலில் எனக்கு மறுப்பில்லை. பிரெஞ்சில் ‘சக்கேட்’ என்ற சொல் குதிரையின் கடிவாளத்தை வெடுக்கென்று சுண்டி இழுப்பதைக் குறிக்கும் என்பதால் ‘விழிச்சுண்டல்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ரசித்தேன், படிப்பவருக்குத் தேங்காய் மாங்காய் போட்ட பொட்டலம்தான் நினைவுக்கு வரும். நாம் வாசிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு ஓடுவதில்லை. நொடிக்கு மூன்று நான்கு முறை தாவும், நிற்கும், மறுபடி தாவும். அந்தத் தாவலே சக்கேட், ஆகவே தாவல் பொருத்தமான சொல்.

இனி ஆன்டிசக்கேட் சோதனை. டொராண்டோவில் பீட்டர் ஹாலெட் 1978-இல் வெளியிட்டது. திரையின் நடுவில் ஒரு புள்ளி. அதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திடீரென்று இடப்பக்கமோ வலப்பக்கமோ வேறொரு புள்ளி முளைக்கும். அதைப் பார்க்கக்கூடாது. அதே தொலைவில் மறுபக்கம், ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்க்க வேண்டும்.

‘எதிர்வீடு’, ‘எதிரே வந்தான்’, ‘எதிர்கொண்டு அழைத்தார்’ என்கிறோம். இவற்றிலெல்லாம் ‘எதிர்’ என்பது முகத்துக்கு நேரே. எதிர்த்தாவல் என்பதை ‘எதிர்ப்பட்டதை நோக்கித் தாவுவது’ என்று ஒரு மாணவர் படித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. இந்தச் சோதனையில் பிழை என்று எண்ணுவதே அதைத்தான்! ‘எதிர்நோக்கு’ என்றால் காத்திருப்பது ஆகிவிடும். ‘மாறுநோக்கு’ என்றால் மாறுகண் நினைவு வரும், அதுவும் கண் மருத்துவத்தில்.

என் பரிந்துரை: மறுபுறத் தாவல்.

‘மறு’ என்பதில் மறுகரையும் இருக்கிறது, மறுப்பும் இருக்கிறது. சோதனையில் மூளை செய்வதும் இந்த இரண்டு வேலைகள்தாம்: தானாக எழும் தாவலை மறுத்து நிறுத்துவது, பிறகு மறுபுறம் ஒன்றைக் கிளப்புவது. வெறும் ‘மறுதாவல்’ என்றால் மறுபதிப்பு போல இன்னொரு முறை தாவுவது ஆகிவிடும். ‘புறம்’ கட்டாயம் வேண்டும்.

நேற்று அக்கா மகளிடம் (நாலாம் வகுப்பு) செய்து பார்த்தேன். மருத்துவர்கள் கருவி இல்லாதபோது செய்வதுதான். இரண்டு கைகளையும் அகல நீட்டி, ஆள்காட்டி விரல்களை நிமிர்த்தி, “என் மூக்கைப் பாரு. எந்த விரல் ஆடுதோ அதைப் பார்க்காதே, மறுபக்கத்து விரலைப் பாரு” என்றேன். பத்துக்கு ஆறு தடவை ஆடின விரலுக்கே கண் போனது. போன வேகத்தில் “ஐயோ, தப்பு தப்பு” என்று சிரித்துக்கொண்டே மறுபக்கம் திருப்பினாள். பதின்பருவம் முடியும்வரை இந்தப் பிழை குறைந்துகொண்டே வரும், அதனால் அக்கா கவலைப்பட வேண்டியதில்லை.

எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தத் ‘தப்பு தப்பு’. விதி அவளுக்குப் புரிந்திருக்கிறது. தடைபோடுவதில்தான் ஒரு கணம் பிந்துகிறது. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவர்களிடமும் பெரும்பாலான பிழைகள் இப்படி உடனே திருத்தப்படுபவைதாம். வலிப்புக்காக மூளையின் முன்மடலில் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்களுக்கு இந்தத் தடை தளர்வதை 1985-இல் கிட்டன் குழுவினர் காட்டினார்கள். மனச்சிதைவில் பிழை மிகுவதை 1988-இல் ஜப்பானில் ஃபுக்குஷிமா குழுவினர் எழுதினார்கள். ஆய்வாளர்களுக்கு இதன்மேல் பிடிப்பு வந்தது அதன் பிறகுதான்.

> அப்படியானால் ‘மனநோய் விழிச்சோதனை’ என்று நேரடியாகவே சொல்லிவிடலாமே, பொதுமக்களுக்கும் புரியும்.

வேண்டவே வேண்டாம். நலமாக இருப்பவர்களும் ஐந்துக்கு ஒன்று போலத் தவறுவதுண்டு. இருமுனையக் கோளாறிலும் (பைபோலார்), கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறிலும் (ஏ.டி.ஹெச்.டி.) பிழை கூடுகிறது. ஒருவரின் கண்ணை மட்டும் பார்த்து நோய்க்குப் பெயர் வைக்க முடியாது. குழுக்களை ஒப்பிட்டு மூளையின் எந்தப் பாதை தளர்ந்திருக்கிறது என்று ஆராயவே இது உதவும்.

இன்னொன்று. நம் கலைச்சொல் பட்டியலில் ‘காக்னிட்டிவ் கன்ட்ரோல்’ (தானாக எழும் செயலை நிறுத்தி, வேண்டியதைச் செய்யும் மூளைத் திறன்) என்பதற்கு ‘மனக்கட்டுப்பாடு’ என்று போட்டிருக்கிறது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். தமிழில் அது ஒழுக்கச் சொல். “மனசை அடக்கத் தெரியலை” என்று வீட்டார் திட்டுவதைக் கேட்டுக் கேட்டு நொந்துபோய் வருபவரிடம், உங்கள் மனக்கட்டுப்பாட்டைச் சோதிக்கிறோம் என்று படிவம் நீட்டுவதா? சில ஆண்டுகளுக்கு முன் ஓரிடத்தில் ஒப்புதல் படிவத்தை மொழிபெயர்த்தபோது நானே அப்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். படித்துப் பார்த்த ஒருவர், “நான் கெட்ட பழக்கம் எதுவும் வச்சுக்கலைங்க” என்றார். அன்றிலிருந்து ‘அறிதல் ஆளுகை’ என்று எழுதுகிறேன். கொஞ்சம் கரடுமுரடுதான், இன்னும் நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் மாற்றிக்கொள்கிறேன்.

‘மறுபுறத் தாவல்’ நீளம் என்பவர்களுக்கு: ஐந்து எழுத்துச் சொல்லும் மூன்று எழுத்துச் சொல்லும், ‘ஆன்டிசக்கேட்’ ஏழு எழுத்து. ஒரு எழுத்துக்காகச் சண்டை வேண்டாமே. தவறான பக்கம் போகும் தாவலைத் ‘திசைப்பிழை’ என்று வைத்துக்கொள்ளலாம். அதில் யாருக்கும் சிக்கல் இருக்காது என்று நினைக்கிறேன்.

ஊசலாடும் பொருளைக் கண் விடாமல் தொடர்வதற்கான சொல்லைத் தனி இழையில் எடுப்போம். டீஃபன்டார்ஃபும் டாட்ஜும் 1908-லேயே மனநோயாளிகளிடம் அதைப் பதிவு செய்தவர்கள், அதற்கு இன்னும் நம்மிடம் சொல் இல்லை.