மேலத்தெரு குழு: மனுவை யாருக்கு எழுதுவது?

டைலர் அக்கா: தெருவிளக்கு மனு எழுதியாச்சு. "உயர்திரு ஊராட்சி சேர்மன் அவர்களுக்கு" என்று ஆரம்பித்திருக்கிறேன். ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்.

வாத்தியார் ஐயா: அம்மா, நம் ஊராட்சிக்கு ஏது சேர்மன்? நமக்கு ஊராட்சி மன்றத் தலைவர், அதாவது பிரசிடென்ட். சேர்மன் ஊராட்சி ஒன்றியத்தில் இருப்பவர்.

மளிகைக்கடை அண்ணன்: டவுன்லயும் சேர்மன்னுதானே சொல்றாங்க ஐயா?

வாத்தியார் ஐயா: அது நகராட்சி, பேரூராட்சி. மாநகராட்சி என்றால் மேயர். பிரசிடென்டுக்கு நாமே நேரடியாக ஓட்டுப் போடுகிறோம். ஒன்றிய சேர்மனை கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுப்பார்கள். 2022-ல் மேயர்களும் அப்படித்தான் வந்தார்கள்.

கடைசி வீட்டுத் தம்பி: ஓ, அதான் சேர்மன் எலெக்‌ஷன் வந்தா கவுன்சிலருங்க திடீர்னு டூர் கிளம்பிடுறாங்களா 😂

டைலர் அக்கா: சரி, தலைவர் என்று மாற்றிவிடுகிறேன்.

வாத்தியார் ஐயா: இப்போது அதுவும் சரிவராது. 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டோம், 2025 ஜனவரி 5-ஆம் தேதி பதவிக்காலம் முடிந்தது. நம்மோடு சேர்த்து அப்போது ஓட்டு நடந்த 27 மாவட்டங்களில் இதே கதைதான். அரசு நியமித்த தனி அலுவலர்தான் பொறுப்பு.

மளிகைக்கடை அண்ணன்: நேத்துகூட "பிரசிடென்ட், தண்ணி வரல"ன்னு நம்ம பழைய பிரசிடென்டைத்தான் நிறுத்திக் கேட்டாங்க. அவரும் மோட்டார் ஆபரேட்டருக்குப் போன் போட்டார்.

பால்கார அக்கா: அவர் எப்போ பிரசிடென்ட் ஆனார்? நின்னு ஜெயிச்சது அவர் சம்சாரம். நான் ஓட்டுப் போட்டது அந்த அம்மாவுக்கு.

டைலர் அக்கா: நல்லா கேளுங்க. 2016-ல் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்தது. இங்கே செக்கில் கையெழுத்துப் போட்டது அந்த அம்மா, பிரசிடென்ட் என்ற பேர் வீட்டுக்காரருக்கு.

பால்கார அக்கா: கிராம சபையில தீர்மானப் புத்தகத்தை வரி விடாம படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டது அந்த அம்மாதான். இவர் வெளியே வேப்பமரத்தடியில போன் பேசிட்டு இருந்தார்.

மளிகைக்கடை அண்ணன்: அவரும் இந்தக் குரூப்பில் இருக்கார்க்கா 🙏

பால்கார அக்கா: இருக்கட்டும், படிக்கட்டும்.

டைலர் அக்கா: அப்போ "பெறுநர்: தனி அலுவலர்" என்று போடட்டுமா ஐயா?

வாத்தியார் ஐயா: போடுங்கள். நகல் ஒன்று வைத்துக்கொண்டு, ஊராட்சி செயலரிடம் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். ஆகஸ்ட் 15 கிராம சபையிலும் பேசித் தீர்மானத்தில் ஏற்றச் சொல்லலாம். எந்தெந்தக் கம்பம் என்று எண்ணோடு எழுதினால் நல்லது.

கடைசி வீட்டுத் தம்பி: நான் போட்டோ எடுத்து அனுப்புறேன். தொட்டி பக்கத்துக் கம்பத்துல பல்ப் நல்லாத்தான் இருக்கு, சுவிட்ச் பெட்டிதான் கருகிப் போச்சு. அதையும் சேர்த்துடுங்கக்கா.