நாளைக்கு டீமோட பப், எட்டு பேருக்கும் நானே வாங்கணுமா?

புதுக்குளிர்: வணக்கம். நான் பிரிட்டனுக்குப் புதுசு. நாளைக்கு சாயங்காலம் அஞ்சரைக்கு டீம் மொத்தமும் பப்புக்குப் போகுது, என்னோட சேர்த்து எட்டு பேர். 'ரவுண்டு' முறையாம், ஒவ்வொருத்தரும் தன் முறை வரும்போது எல்லாருக்கும் குடிக்க வாங்கணுமாம். சம்பளம் வர இன்னும் 11 நாள் இருக்கு. வரலைன்னு சொன்னா தப்பா எடுத்துப்பாங்களா? அவசரம்.

ஈஸ்ட்ஹாம் அண்ணை: தம்பி, எந்த ஊர் எண்டும் எழுதேல்லை, குடிப்பீரோ எண்டும் எழுதேல்லை. அதை விடும். வாடகை வீட்டு டெபாசிட்டை 30 நாளுக்குள்ள அரசு அங்கீகாரமுள்ள பாதுகாப்புத் திட்டத்தில போட்டாச்சோ எண்டு வீட்டுக்காரனிட்ட கேட்டனீரோ? முதல் ஆறு மாசம் எங்கட நித்திரை போனது அதாலதான். பப் எங்கயும் ஓடாது.

சைவப்பூனை: அவர் கேட்டது டெபாசிட் இல்லையே அண்ணா. புதுக்குளிர், நீங்க சைவமா? அப்ப சிப்ஸ், அதாவது ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், எதுல பொரிக்கிறாங்கன்னு கேளுங்க. சில இடத்துல மாட்டுக்கொழுப்பு, பல இடத்துல மீன் பொரிச்ச அதே எண்ணெய். காஸ்க் ஏல், அதாவது கைப்பம்புல இழுத்து ஊத்துற பியர், தெளியறதுக்குப் பெரும்பாலும் மீனோட காற்றுப்பையிலிருந்து எடுக்கிற ஐசிங்ளாஸைத்தான் போடுவாங்க. சீஸ் ஆனியன் கிரிஸ்ப்ஸ்லகூட (நம்ம ஊர் பாக்கெட் சிப்ஸ்) பாக்கெட்டைத் திருப்பிப் படிச்சுடுங்க.

மழைக்கோட்டு: ரவுண்டுல சேராதீங்க. முதல் கிளாஸ் வர்றதுக்கு முன்னாடியே "நான் சீக்கிரம் கிளம்பணும், எனக்கு நானே வாங்கிக்கறேன்"னு சொல்லிட்டா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.

பாதிபைன்ட்: புது ஆள் முதல் நாளே ஒதுங்கினா நல்லா இருக்காது. எட்டு பேரும் ஒரே ரவுண்டா இருக்கறது அபூர்வம், மூணு நாலு பேரா தானா பிரிஞ்சிடும். அஞ்சே காலுக்கே போயிடுங்க. ரெண்டு மூணு பேர் வந்திருக்கும்போதே "வாட் ஆர் யூ ஹேவிங்?"னு நீங்க முந்திக்கிட்டா உங்க கடன் அங்கேயே தீர்ந்தது. அடுத்தவங்க வாங்கினதைக் குடிச்சுட்டு நம்ம முறை வர்றதுக்குள்ள நழுவறதைத்தான் அவங்க மறக்க மாட்டாங்க.

மழைக்கோட்டு: லண்டன்ல ஒரு பைன்ட், அதாவது ஒரு பெரிய கிளாஸ் பியர், ஆறேழு பவுண்டு. முந்தினாலும் மூணு பேருக்கு இருபது போச்சு.

ஈஸ்ட்ஹாம் அண்ணை: எல்லாம் விலைதான். கவுன்சில் டாக்ஸும் ஏறீட்டுது, வெயிலையும் காணேல்லை. இனப் பாகுபாட்டுக்கு எதிரான 1965 சட்டம் வரும்வரைக்கும் எங்கட நிற ஆக்களுக்குக் குடிக்கவே குடுக்காத பப்புகளும் இருந்தவை. இப்ப பர்மிங்ஹாமுக்குக் கிட்ட வெஸ்ட் பிராமிச், ஸ்மெதிக் பக்கம் பஞ்சாபிக்காரர் நடத்துற தேசி பப்பில கிரில் சாப்பாடுதான் பேர்போனது.

பாதிபைன்ட்: காரில போறவங்களுக்கு ஒண்ணு: ஒரு பைன்ட் பரவாயில்லை.

சைவப்பூனை: அப்படிப் பொதுவா சொல்லாதீங்க. ஓட்டறவங்களுக்கு வரம்பு இங்கிலாந்து, வேல்ஸ்ல 100 மி.லி. ரத்தத்துல 80 மி.கி. ஆல்கஹால். ஸ்காட்லாந்துல 2014லிருந்து 50. பைன்ட்ங்கறது 568 மி.லி., அந்த பியர்ல ஆல்கஹால் 4 சதவீதமும் உண்டு 6 சதவீதமும் உண்டு. ஓட்டுறீங்கன்னா தொடாதீங்க.

புதுக்குளிர்: மன்னிக்கணும், சொல்ல விட்டுட்டேன். ஊர் நாட்டிங்கம். குடிக்கறதில்லை, சைவம், கார் இல்லை. உள்ளே போய் உட்கார்ந்தா ஆர்டர் எடுக்க வருவாங்களா?

பாதிபைன்ட்: இதை முதல்லயே சொல்லியிருக்கலாம். பெரும்பாலான பப்புல டேபிளுக்கு யாரும் வரமாட்டாங்க, பாருக்கு நீங்கதான் போகணும். வரிசைன்னு கண்ணுக்குத் தெரியாது, ஆனா யாருக்கு அப்புறம் யாருன்னு பார்ல நிக்கறவங்களுக்கு மனப்பாடம். உங்களுக்கு முன்னாடி வந்தவர் நின்னா அவரைக் கை காட்டுங்க. நோட்டை ஆட்டிக் கூப்பிடறது மகா மரியாதைக்கேடு. கேட்ட எல்லாத்தையும் ஒரே மூச்சுல சொல்லுங்க, கின்னஸ்ங்கற கறுப்பு பியர் இருந்தா அதை முதல்ல. முக்கால்வாசி ஊத்தி, நுரை அடங்க விட்டு, மீதியை நிரப்ப கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள மத்தது தயாராயிடும். உங்களுக்கு லைம் அண்ட் சோடா, பார்லயே மலிவு அதுதான். குழாய்த் தண்ணி கேட்டா இலவசமா குடுத்தாகணும், சட்டம். காசு அப்பவே, டிப்ஸ் வேண்டாம். சாப்பாட்டுக்கு டேபிள் நம்பரைப் பார்த்துட்டுப் போங்க.

பாஸ்போர்ட் எடுத்துக்கோங்க. நீங்க சோடா குடிச்சாலும் ரவுண்டு வாங்கறவர் நீங்க. பார்க்க 25க்குக் கீழ தெரிஞ்சா வயசுக்கு அத்தாட்சி கேப்பாங்க, போன்ல இ-விசாவைக் காட்டினா செல்லும்னு நம்பிப் போகாதீங்க. அப்புறமா புரொவிஷனல் லைசென்ஸ், அதாவது கார் ஓட்டப் பழகறவங்களுக்கான லைசென்ஸ், எடுத்துட்டா பாஸ்போர்ட்டைத் தூக்கிட்டு அலைய வேண்டாம்.

ஒரு கிரிஸ்ப்ஸ் பாக்கெட் வாங்கி, வாயைக் கிழிக்காம முதுகுத் தையல்ல பிரிச்சு டேபிள் நடுவுல விரிச்சு வைங்க. எல்லாருக்கும் பொதுன்னு அர்த்தம். ஒரு பவுண்டு சொச்சத்துல அதைவிட நல்ல அறிமுகம் கிடையாது.

சைவப்பூனை: நாட்டிங்கம்னா இன்னொரு நாள் கோட்டைப் பாறை அடியில இருக்கிற 'யீ ஓல்ட் ட்ரிப் டு ஜெருசலேம்'ங்கற பப்பைப் போய்ப் பாருங்க. ஆரம்பிச்சது 1189ன்னு சுவர்ல எழுதியிருக்கும், கட்டடம் அவ்வளவு பழசில்லை. அதே ஊர்ல 'பெல் இன்', 'சல்யூட்டேஷன்'ங்கற ரெண்டு பப்பும் நாங்கதான் மூத்தவங்கன்னு இன்னும் போட்டி போடுது. ட்ரிப்போட பின்பக்க அறைகள் மணற்பாறையைக் குடைஞ்சது. மத்தியானம் கூட்டம் இல்லாதப்போ போனா குகைக்குள்ளேயே இடம் கிடைக்கும்.

புதுக்குளிர்: ரொம்ப நன்றி. பாஸ்போர்ட்டை எடுத்து வெச்சாச்சு. அண்ணா, டெபாசிட் பத்தி வீட்டுக்காரர் ஒரு பேப்பரும் தரலை. குடியேறி 26 நாள் ஆச்சு.

ஈஸ்ட்ஹாம் அண்ணை: நான் அப்பவே கேட்டனான். இண்டைக்கே ஈமெயில் போடும், போன்ல கதைக்கவேண்டாம்.