ட்ராக் ஸ்டேண்டுக்குத் தமிழ்ல என்ன? வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்

செந்தூல் தங்கச்சி:
வணக்கம் எல்லாருக்கும். அவசரம், அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். உலக ட்ராக் சைக்கிள் சாம்பியன்ஷிப் ஆண்கள் ஸ்பிரிண்ட் தொகுப்பு ஒண்ணுக்கு சப்டைட்டில் போட்டுக் குடுக்கணும், வெள்ளி சாயங்காலம் கெடு. மத்ததை எப்படியோ ஒப்பேத்திட்டேன். ரெண்டு பேரு மெதுவா உருட்டிக்கிட்டே போயி திடீர்னு ட்ராக்கோட சரிவான மேட்டுல அப்படியே நின்னுடறாங்க, கால் ஊனல, விழவும் இல்ல, ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. அதுக்குப் பேரு ட்ராக் ஸ்டேண்டாம். தமிழ்ல என்ன போடறது? சின்னச் சொல்லா வேணும், வரியில இடம் கொள்ளாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் பத்திரிகைக்காரர்:
ட்ராக் ஸ்டேண்டுனே போட்டுட்டு நிம்மதியா தேத்தண்ணி குடிம்மா. பெனால்டிய நாம பெனால்டினுதான் சொல்றோம், யாரு செத்தா?

ஜெலுத்தோங் வாத்தியார்:
யாரும் சாகல, சொல்லுதான் சாகுது. தங்கச்சி, "அசையாநிலை" போடுங்க. நல்ல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், குறை சொல்ல ஒண்ணுமில்ல.

செராஸ் அண்ணன்:
வாத்தியாரய்யா, இலக்கணத்துல குறை இல்ல, சைக்கிள்லதான் குறை. அது அசையாம நிக்கிறதே இல்லங்க. ட்ராக் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது, சக்கரம் சுத்தினா பெடலும் சுத்தும், பெடலைப் பின்னால அழுத்தினா சக்கரமும் பின்னால போகும். முன் சக்கரத்தை மேட்டுப் பக்கம் திருப்பி வச்சுக்கிட்டு, சரிவு கீழ தள்ளும்போது இவன் மேல மிதிக்கிறான், விடறான், மிதிக்கிறான், விடறான், தொடையெல்லாம் நடுங்கும். 1998 காமன்வெல்த் போட்டி எங்க ஊரு வெலோட்ரோம்ல, அதான் சைக்கிள் பந்தயத் திடல்ல, நடந்தப்ப கிட்ட இருந்து பாத்தேன், இப்ப அந்த வெலோட்ரோமும் இல்ல, எல்லாம் நீலாய் ஊருக்குப் போயிடுச்சு.

இதைவிட முக்கியம், எதுக்கு நிக்கிறாங்கங்கிறது. 250 மீட்டர் ட்ராக்குல மூணு சுத்து, ரெண்டு பேரு மோதறாங்க, காலிறுதியில இருந்து மூணுல ரெண்டு ஜெயிச்சா அடுத்த சுற்று. சீட்டுக் குலுக்கினதுல உள்பக்கம் கிடைச்சவன் முதல்ல முன்னால போயே ஆகணும், நடை வேகத்துலயாவது. ஆனா முன்னால போறவனுக்கு நஷ்டம். காத்து முழுக்க அவன் நெஞ்சுல, பின்னால இருக்கறவன் அவன் நிழல்ல ஒதுங்கி பலத்தை மிச்சம் பிடிச்சு, கடைசியில மேட்டுல இருந்து இறங்கி ஒரே தூக்கா தாண்டிடுவான். அதுவுமில்லாம முன்னாடி இருக்கறவன் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்கணும், பின்னாடி இருக்கறவனுக்கு எல்லாமே கண்ணுக்கு எதிர்ல. அதனால முன்னாடி மாட்டிக்கிட்டவன் வேணும்னே நின்னு, நீ போ முதல்லனு மத்தவனைத் தள்ளி விடறான். இப்ப விதி கடுமை, ஒரு பந்தயத்துல ரெண்டு தடவைதான் நிக்கலாம், தடவைக்கு 30 விநாடி, அதுக்கு மேல ஸ்டார்ட்டர் முன்னால இருக்கறவனைப் போனு சொல்லிடுவாரு. 1964 தோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில இத்தாலிக்காரர் பெட்டெனெல்லாவும் பிரெஞ்சுக்காரர் ட்ரெந்தானும் 21 நிமிஷத்துக்கு மேல நின்னாங்க. சொல்லு தேடறவங்க இந்தத் தந்திரத்துக்குத் தேடுங்க, நிக்கிறதுக்குத் தேடாதீங்க.

ஜெலுத்தோங் வாத்தியார்:
இதை முதல்லயே சொல்லக் கூடாதா தம்பி? வள்ளுவர் எப்பவோ குடுத்துட்டுப் போயிட்டாரே. குறள் 486, "ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து". சண்டைக் கடா முட்டறதுக்கு முன்னாடி பின்வாங்கும் பாருங்க, பலமுள்ளவன் அடங்கி இருக்கறது அப்படின்னு. ஒடுக்கம்! மூணே எழுத்து, மெய்யையும் சேத்தா அஞ்சு. ஒடு-ங்கு, ஒடு-க்கு, இதுக்கு இனமா இடு-கு, இடு-ங்கு, இடு-க்கு, இடு-ப்பு, எல்லாமே சுருங்கறதுதான் வேர்ப்பொருள், அம்மியிடுக்கு, கண் இடுங்கல், ஒடி, ஒசி, இதெல்லாம் ஒரே குடும்பம்னு நான் ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன், பாவாணர் இருந்திருந்தா காட்டியிருப்பேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பத்திரிகைக்காரர்:
ஐயா, "மலேசிய வீரர் ஒடுக்கத்தில் இருக்கிறார்"னு திரையில வந்தா ஜனங்க மாலை வாங்கிட்டு வந்துருவாங்க. சித்தர் சமாதியைத்தான் ஒடுக்கம்பாங்க. மிச்சப் பேரு போலீஸ் ஒடுக்குச்சுனு நினைப்பாங்க.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
நான் ஒண்டு சொல்லட்டே? எங்கட அப்பம்மா யாழ்ப்பாணத்துல இருந்து வந்தவ, பஸ் நிக்கிற இடத்தைத் தரிப்பிடம் எண்டுதான் சொல்லுவா. "தரிப்பு" எண்டு போடலாமே. போற வண்டி கொஞ்ச நேரம் நிண்டு பிறகு போறது, இந்த அர்த்தம் அதில கிடக்குது, நிலை எண்டதில இல்லை.

ஜெலுத்தோங் வாத்தியார்:
தரி வடமொழி. தாரணம், தரணி, எல்லாம் அதுலேருந்து வந்தது.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
மாலை தரிக்கிறது வேற, வழியில தரிக்கிறது வேற ஐயா. "தரியாது ஓடினான்" எண்டு சொல்லுறமே, அது எந்தச் சமஸ்கிருதம்? தங்கு, தரி ரெண்டும் பக்கத்து வீடுதான்.

(இதுக்கப்புறம் ரெண்டு பேரும் தரி, தறி, தரை மூணையும் வச்சு எழுதினதை முழுசாப் படிச்சவங்க யாருமில்லனு நினைக்கிறேன். தறியில நூல் நிக்கிறதால தறின்னு வந்தது வரைக்கும் நானும் தாக்குப்பிடிச்சேன். — பத்திரிகைக்காரர்)

பாயான் பாரு டீச்சர்:
நான் ஆறாம் ஆண்டு பிள்ளைங்களுக்கு நம்ம சைக்கிள் வீரர் அசிசுல்ஹஸ்னி அவாங் பத்தி ஒரு வாசிப்புப் பகுதி தயார் பண்ணிக்கிட்டு இருக்கேன், அதனால எனக்கும் இந்தச் சொல்லு தேவைப்படும். டுங்குன் பையன், 2009ல போலந்துல உலகப் போட்டி ஸ்பிரிண்ட்ல வெள்ளி, கெய்ரின்ங்கிற இன்னொரு ட்ராக் பந்தயத்துல 2017 ஹாங்காங்ல உலகச் சாம்பியன், ரியோ ஒலிம்பிக்ல வெண்கலம், தோக்கியோ ஒலிம்பிக்ல வெள்ளி. பிள்ளைங்ககிட்ட வீடியோவ போட்டுக் காட்டி இதுக்குப் பேரு வைங்கனு கேட்டேன். ஒருத்தன் "நின்னு ஏமாத்தறது"ன்னான். ஒருத்தி "கொக்கு"ன்னா. கொக்குநிலை நல்லா இருக்குல்ல? "கொக்கொக்க கூம்பும் பருவத்து"னு அதுக்கும் குறள் இருக்கே, 490.

செராஸ் அண்ணன்:
டீச்சர், கொக்கு தனியா நிக்கும், மீனுக்குத் தெரியாது. இங்க ரெண்டு கொக்கு, மீனே கிடையாது. கெய்ரினை எழுதறீங்கன்னா பாரிஸ் ஒலிம்பிக் கதையையும் சேருங்க, பிள்ளைங்களுக்கு விதி புரியும். கெய்ரின்ல முன்னாடி ஒரு மோட்டார் வண்டி போகும், அது வேகத்தை ஏத்திக்கிட்டே போயி ட்ராக்கை விட்டு இறங்கற வரைக்கும் யாரும் தாண்டக் கூடாது. 2024ல அசிசுல் அது இறங்கறதுக்கு முன்னாடி தாண்டிட்டாரு, முதல் சுற்றுலயே தகுதி இழப்பு. அன்னிக்கு ராத்திரி மாமாக் கடையில ஒருத்தரும் பேசல.

ஜெலுத்தோங் வாத்தியார்:
அந்த மோட்டார் வண்டிக்கு என்ன சொல்? முன்னோடி வண்டி?

பிரிக்ஃபீல்ட்ஸ் பத்திரிகைக்காரர்:
ஐயா, ஒண்ணொண்ணா.

செந்தூல் தங்கச்சி:
நாளைக்கு வெள்ளி. இன்னொரு சந்தேகம், ஸ்பிரிண்டுக்கு "விரைவோட்டம்" போட்டிருக்கேன், சரியா?

செராஸ் அண்ணன்:
அது திடல்ல ஓடறவங்களுக்குப் போயிடுச்சு. தகுதிச் சுற்று நேரத்துக்கு வேணா பொருந்தும், அதுல கடைசி 200 மீட்டரைத்தான் அளப்பாங்க, டச்சுக்காரர் லாவ்ரைசன் பாரிஸ்ல 9.088 விநாடியில போனாரு. நேருக்கு நேர் மோதறப்ப முக்கால்வாசி நேரம் விரைவே இல்லையே. என்னைக் கேட்டா பந்தயத்துக்குப் "பாய்ச்சல்", நிக்கிறதுக்குப் "பதுங்குநிலை". புலி பதுங்குறது பாயறதுக்குத்தானே, நம்ம நாட்டுச் சின்னத்துலயும் புலி இருக்கு, யாருக்கும் விளக்கம் சொல்ல வேணாம்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பத்திரிகைக்காரர்:
இது எனக்கே புரியுது. ஆதரிக்கிறேன்.

பாயான் பாரு டீச்சர்:
நானும். கொக்கை விட மனசு வரல, இருந்தாலும் சரி.

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
எனக்கு ஒப்பேலாது. பதுங்கு எண்டதும் எங்கட ஆக்களுக்கு பங்கர்தான் ஞாபகம் வரும், பதுங்குகுழி. விளையாட்டில அந்தச் சொல்லு வேண்டாம் பிள்ளை. நான் பகிடிக்குச் சொல்லேல்ல.

செராஸ் அண்ணன்:
அக்கா, அந்தப் பக்கம் நான் யோசிக்கல. ஆனா இங்க உள்ள பிள்ளைங்களுக்கு அந்த ஞாபகம் வராதே, அவங்களுக்காகத்தானே இந்தச் சப்டைட்டில்?

பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா:
நானும் இங்க பிறந்த பிள்ளைதான் தம்பி.

செந்தூல் தங்கச்சி:
எல்லாருக்கும் நன்றி, அனுப்பிட்டேன். அக்கா சொன்னது மனசுல நின்னுடுச்சு, அதனால முதல் தடவை வர்ற இடத்துல "தரித்து நிற்கிறார்"னு வினையா போட்டேன், அடுத்தடுத்து வர்ற இடத்துல மட்டும் "பதுங்குநிலை". பந்தயம் "ஸ்பிரிண்ட்"டாவே இருக்கு, பாய்ச்சல்னு போட்டா கபடினு நினைச்சுடுவாங்கனு வேலை குடுத்தவங்க மாத்திட்டாங்க.

ஜெலுத்தோங் வாத்தியார்:
ஒரே பொருளுக்கு ரெண்டு சொல் போடறது கலைச்சொல் ஆகாது. என் மறுப்பைப் பதிவு பண்ணிக்கறேன், ஒடுக்கம்தான் சரி. போகட்டும். ட்ராக்குல உள்கரையை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு, கொஞ்சம் தள்ளி ஒரு சிவப்புக் கோடு இருக்கே, கடைசிப் பாய்ச்சல்ல முன்னால போறவன் அந்தச் சிவப்புக் கோட்டுக்கு உள்ள இருந்தா மத்தவன் அதுக்குள்ள நுழையக் கூடாதாமே. அதைச் "செங்கோடு"ன்னு சொல்லலாமா?

பிரிக்ஃபீல்ட்ஸ் பத்திரிகைக்காரர்:
அது நாமக்கல் பக்கத்துல ஒரு ஊரு, ஐயா.

ஜெலுத்தோங் வாத்தியார்:
அது திருச்செங்கோடு. அந்தக் கோடு மலை, இந்தக் கோடு வரி. கோடு என்பதன் வேர் கொள், கொட்கு, வளைவுப் பொருள், யானைக் கோடு, சங்கு கோடு...